காரில் ஊற்றிய நீர் எங்கே போகிறது?

கார் என்பது ஒரு காலத்தில் தோட்டத்துப் பங்களாவின் வாயிலில் மட்டுமே நின்ற பொருளாகும். இன்றோ தோட்டக் குடியிருப்புகளில் பல வீடுகளின் முன் கார் நிற்கக் காண்கிறோம். அவற்றுட் பெரும்பாலானவை வேறொருவரிடம் பல்லாண்டுகள் உழைத்தபின் நம் கைக்கு வந்தவை. நோயுற்றோரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும், சிங்கப்பூரில் பணிபுரியும் மக்களைக் கண்டுவரவும், தீபாவளி நெருங்கினால் சிராங்கூன் சாலைக்குச் சென்று துணிமணி வாங்கவும் இவையே துணை. ஆகவே அதன் இயந்திரம் கெட்டுப்போனால் குடும்பத்தின் கால் ஒன்று முடமானது போலாகிறது.

பழைய கார் வைத்திருப்போரிடையே ஒரு பழக்கம் காணப்படுகிறது. மூன்று நாளுக்கொரு முறை ரேடியேட்டரில் ஒரு போத்தல் நீர் ஊற்றுகிறார்கள், கார் ஓடுகிறது, ஆகவே குறையொன்றும் இல்லை என்று அமைதி கொள்கிறார்கள். ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை ஒத்த செயல் இது. குடத்திற்கு ஓட்டையால் வரும் கேடு அதிகமில்லை. காரின் இயந்திரமோ ஒரு நாள் நீரின்றி ஓட நேர்ந்தால், சில நிமிடங்களிலேயே சீர்செய்ய இயலாத நிலையை அடைந்துவிடும்.

ரேடியேட்டர் அமைப்பு மூடிய அமைப்பாகும். விளக்கில் எண்ணெய் குறைவதுபோல் அதில் நீர் செலவாவதில்லை. நல்ல நிலையிலுள்ள கார் பல மாதங்கள் ஓடியும் அதன் நீர் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும். எனவே நீர் தொடர்ந்து குறைகிறதென்றால் அது எங்கோ போகிறது என்பது திண்ணம். அது போகும் வழி ஒவ்வொன்றும் தனக்குரிய தடயத்தை விட்டுச் செல்கிறது. அத்தடயங்களைப் படிக்கும் முறையையே இக்கட்டுரை விளக்குகிறது.

நீர் செய்யும் வேலை

இயந்திரத்தின் சிலிண்டரினுள் பெட்ரோல் எரியும் கணத்தில் வாயுவின் வெப்பம் 2000 பாகை செல்சியசையும் தாண்டும். இயந்திரத்தின் தலைப்பகுதியாகிய சிலிண்டர் ஹெட் பெரும்பாலான கார்களில் அலுமினியக் கலவையால் ஆனது. தூய அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும். இவ்வளவு வெப்பத்திற்கிடையே அந்த உலோகம் உருகாமலும் வளையாமலும் நிற்பதற்குக் காரணம், அதனுள் உள்ள நுண்வழிகளில் ஓயாது சுற்றிவரும் நீரேயாகும். பெட்ரோல் எரிந்து உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை இந்நீர்தான் சுமந்து வெளியேற்றுகிறது.

நீர்ப் பம்பு நீரைத் தள்ளுகிறது. இயந்திரம் போதிய சூடு அடைந்ததும், அதாவது பெரும்பாலும் 82 முதல் 90 பாகைக்குள், தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு திறக்கிறது. சூடான நீர் மேற்குழாய் வழியே ரேடியேட்டருக்குச் சென்று, காற்றாலும் விசிறியாலும் ஆறி, கீழ்க்குழாய் வழியே திரும்புகிறது. சிறிய கார் ஒன்றில் ஐந்து அல்லது ஆறு லிட்டர் நீரே இவ்வளவு வேலையையும் செய்கிறது. அதில் ஒன்றிரண்டு லிட்டர் குறைந்தாலும் பெருங்குறையே என்பது இதனால் விளங்கும்.

இவ்வமைப்பில் அழுத்தத்திற்கும் பங்குண்டு. திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியோ நீரை அழுத்தத்திற்குள் அடைத்து வைக்கிறது. 0.9 என்று குறிக்கப்பட்ட மூடி சரிவர வேலை செய்தால், உள்ளேயுள்ள வெறும் நீர்கூட ஏறத்தாழ 118 பாகை வரை கொதிக்காது. அழுத்தம் கசிந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

பால்வெட்டும் தொழிலாளருக்கு அழுத்தத்தின் இயல்பு புதிதன்று. விடியற்காலையில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் வெட்டுவாயிலிருந்து பால் தாராளமாக வடிகிறது. வெயில் ஏறியபின் அழுத்தம் தணிந்து வடிதல் குறைகிறது. காரிலோ நிலைமை தலைகீழானது. காலையில் குளிர்ந்து கிடக்கும்போது உள்ளே அழுத்தம் இல்லை. ஓடிச் சூடேறிய பின்னரே அழுத்தம் எழுகிறது. அப்போதுதான் மயிரிழை போன்ற வெடிப்புகள் வாய் திறக்கின்றன. வீட்டு வாசலில் நின்றபோது ஒரு சொட்டும் சிந்தாத கார் சாலையில் ஒரு லிட்டர் இழப்பதன் மருமம் இதுவே.

காலைக் கணக்கு

நோய்க்கு மருந்து தேடுமுன் நாடி பார்க்க வேண்டும். காருக்கு நாடி பார்ப்பதாவது ஒரு வார காலத்திற்குக் கணக்கு எழுதுவதாகும். பெரட்டுக்குச் செல்லுமுன், இயந்திரம் முழுவதும் குளிர்ந்திருக்கும் வேளையில், ஒவ்வொரு நாளும் ஒரே சமதளமான இடத்தில் காரை நிறுத்தி, சேமிப்புக் கலத்தில் நீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள். கலத்திற்கும் ரேடியேட்டருக்கும் இடையில் அடைப்பு இருந்தால் கலம் பொய்க்கணக்குக் காட்டும். ஆதலால் தனி மூடியுள்ள ரேடியேட்டரையும் குளிர்ந்த நிலையில் திறந்து பார்ப்பது நலம். எவ்வளவு ஊற்றினீர்கள், முந்திய நாள் எங்கே எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள், சாலையில் நெரிசல் இருந்ததா, குளிர்சாதனம் ஓடியதா என்பவற்றையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

அண்மையில் பட்டறையில் நீர் மாற்றியிருந்தால், அடைபட்ட காற்று வெளியேறுவதால் முதல் சில நாள் நீர்மட்டம் சிறிது இறங்குவது இயல்பே. அதன்பிறகும் குறைந்தால்தான் பழுது என்று கொள்ள வேண்டும்.

இக்கணக்கு என்ன சொல்லும்? கார் இரண்டு நாள் ஓடாமல் நின்றபோதும் நீர் குறைந்திருந்தால், அழுத்தம் இல்லாதபோதே ஒழுகும் வெளிக்கசிவு உண்டு. நீண்ட தூரம் ஓடிய நாட்களில் மட்டும் குறைந்தால், அழுத்தத்தில் வாய் திறக்கும் வெடிப்பையோ உட்கசிவையோ ஐயுற வேண்டும். நெரிசலில் நின்ற நாட்களில் மட்டும் குறைந்தால், விசிறியையும் மூடியையும் முதலில் பார்க்க வேண்டும். தடயமே இன்றி நாள்தோறும் குறைந்தால், நீர் இயந்திரத்தினுள்ளேயே போகிறதோ என்று ஆராய வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஜோகூரிலுள்ள தோட்டம் ஒன்றில் ஒரு கார் திங்கள் முதல் சனி வரை தோட்டத்திற்குள்ளும் அருகிலுள்ள பட்டணத்திற்கும் ஓடுகிறது, நீர் குறையவில்லை. ஞாயிறன்று குடும்பத்துடன் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூர்த் தேக்காவுக்குச் சென்று திரும்புகிறது. திங்கள் காலையில் முக்கால் லிட்டர் குறைந்திருக்கிறது. இதற்குக் காரணம் தூரமா, நெரிசலா? இதை அறிய, அடுத்த விடுமுறையில் அதே அளவு தூரத்தை நெரிசலற்ற சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போது நீர் குறையவில்லை எனில் தூரம் குற்றவாளி அன்று; நெரிசலே என்று தெளியலாம். பத்துப் பாகங்களை ஐயுற வேண்டியிருந்த இடத்தில் இரண்டு மட்டுமே எஞ்சும். இரண்டு மாலைப்பொழுதும் ஒரு துண்டுத் தாளும் செய்த உதவி இது.

வெளிக்கசிவைக் காணும் முறை

மங்கில் பால் குறைவாகச் சேர்ந்தால் பால்வெட்டுபவர் உடனே மரத்தைக் குறை கூறுவதில்லை. வெட்டுக்கோட்டில் பால் வழிதவறி ஓடியதா, வடியும் தகரம் நழுவியதா, மங்கு சாய்ந்ததா என்று மேலிருந்து கீழ்வரை பார்க்கிறார். காரிலும் இதே ஒழுங்கைக் கடைப்பிடித்தல் வேண்டும்.

இரவில் காரின் முன்பகுதிக்கடியில் வெள்ளைத் தாளையோ தட்டையாக்கிய அட்டைப் பெட்டியையோ விரித்து வையுங்கள். காலையில் ஈரம் படிந்த இடத்திற்கு நேர்மேலேயோ அதற்குச் சற்று முன்பின்னாகவோ கசிவு இருக்கும். கசிந்த நீர் சட்டகத்தின் வழியே ஓடி வேறிடத்தில் சொட்டுவதும் உண்டாதலின், ஈரத்தின் தடத்தைப் பின்பற்றி மேலே செல்லுங்கள்.

இங்கே ஒரு மயக்கம் நேரக்கூடும். குளிர்சாதனம் ஓடிய காரின் கீழே தெளிந்த நீர் சொட்டுவது நம் நாட்டு ஈரக் காற்றில் இயல்பானது. அந்நீருக்கு நிறமோ மணமோ பிசுபிசுப்போ இராது. அதனால் கேடு இல்லை. ரேடியேட்டர் நீரில் கூலண்ட் கலந்திருந்தால் பச்சை, சிவப்பு, நீலம் போன்ற நிறமும் இனிப்பு மணமும் வழவழப்பும் காணப்படும். மணத்தை முகர்ந்தறிக, நாவில் வைத்துப் பார்த்தல் ஆகாது. அது நஞ்சாகும்.

அடுத்து ரப்பர்க் குழாய்களைக் கவனிக்க வேண்டும். ரப்பரின் இயல்பை நம்மைவிட அறிந்தவர் யார்? இயற்கை ரப்பர் வெப்பத்திற்கும் எண்ணெய்க்கும் ஆற்றாது. 1839ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர், ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதி பெறும் என்று கண்டார். அதன்பிறகே ரப்பர் இயந்திரங்களுக்குப் பயன்படும் பொருளாயிற்று. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர்க் கன்றுகளும், பூமலை என்று அங்குள்ள தமிழர் அழைக்கும் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி வகுத்த பால்வெட்டு முறையும் இவ்வட்டாரத் தோட்டங்களுக்கு வித்திட்டன. இன்று டயர்களில் இயற்கை ரப்பர் நிறையப் பயன்படினும், ரேடியேட்டர்க் குழாய்கள் பெரும்பாலும் வெப்பத்தை நன்கு தாங்கும் செயற்கை ரப்பரால் செய்யப்படுகின்றன. ஆயினும் அதற்கும் எண்ணெய் பகையே. இயந்திர எண்ணெய் ஒழுகி நனைந்த குழாய் உப்பி மென்மையாகிவிடும்.

இயந்திரம் குளிர்ந்தபின் குழாயை விரல்களால் அழுத்திப் பாருங்கள். நல்ல குழாய் அழுத்தத்திற்கு இசைந்து உடனே பழைய வடிவம் பெறும். ஒட்டுப்பால் போலக் கொழகொழவென்று இருந்தாலும், உலர்ந்த கிளை போல நொறுநொறுவென்று ஒலித்தாலும், வளைவில் கீறல்கள் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும். குழாயின் இரு முனைகளிலும் உள்ள கிளிப்புகளின் அடியில் வெண்மையாகவோ வண்ணமாகவோ உப்புப் பூத்தாற்போல் கறை இருந்தால், அவ்விடத்தில் நீர் கசிந்து உலர்கிறது என்பது பொருள். கிளிப்பை இறுக்குவதாலேயே சில கசிவுகள் நின்றுவிடும்.

ரேடியேட்டரின் தகட்டு வரிசைகளிலும், அதன் பிளாஸ்டிக் தொட்டி உலோகத்துடன் சேரும் விளிம்பிலும் இத்தகைய கறையைத் தேடுங்கள். நீர்ப் பம்பின் அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். உள்ளேயுள்ள அடைப்பு வளையம் தேய்ந்தால் நீர் அத்துளை வழியே ஒழுகும்படி வேண்டுமென்றே அதை அமைத்திருக்கிறார்கள். அதை அடைக்க முயலுதல் அறியாமை. பம்பை மாற்றுவதே முறை. உட்புறச் சூடேற்றி உள்ள கார்களில், முன்னிருக்கையின் கால்விரிப்பு நனைந்திருப்பதும் கண்ணாடியின் உட்புறத்தில் பிசுபிசுப்பான படலம் படிவதும் சூடேற்றிக் கசிவின் அறிகுறிகளாகும்.

சிறிய மூடி, பெரிய பொறுப்பு

ரேடியேட்டர் மூடியில் இரண்டு வால்வுகள் உள்ளன. அழுத்தம் அளவு மீறினால் ஒன்று திறந்து நீரைச் சேமிப்புக் கலத்திற்கு விடுகிறது. இயந்திரம் ஆறும்போது மற்றொன்று திறந்து அந்நீரைத் திரும்ப உள்ளே இழுக்கிறது. மூடியின் ரப்பர் வளையம் வெடித்தாலோ, வில் தளர்ந்தாலோ, உரிய அழுத்தம் நிற்பதில்லை. நீர் முன்னதாகவே கொதித்துக் கலத்தை நிரப்பி, அங்கிருந்தும் வழிந்து சாலையில் சிந்திவிடும். வீட்டிற்கு வந்து பார்த்தால் தரையில் ஈரமே இராது.

ஓடி நின்றதும் கலம் விளிம்பு வரை நிரம்பியிருப்பதும், ஆறியபின்னும் அந்நீர் ரேடியேட்டருக்குத் திரும்பாதிருப்பதும், மேற்குழாய் உள்ளுக்குச் சப்பிப் போயிருப்பதும் கெட்ட மூடியைக் காட்டிக்கொடுக்கும். கார்ப் பாகங்களில் மிக மலிவானவற்றுள் மூடியும் ஒன்று. மாற்றும்போது பழைய மூடியில் குறித்துள்ள அதே அழுத்த எண்ணுடைய மூடியையே வாங்க வேண்டும். எண் மிகுந்த மூடியைப் பூட்டினால் நலிந்த குழாய்கள் வெடிக்கக்கூடும்.

கடற்பாலத்து நெரிசல்

ஜோகூர்பாருவையும் உட்லண்ட்சையும் இணைக்கும் கடற்பாலம் 1924ஆம் ஆண்டில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமே உள்ள அதைக் கடக்க, விழாக்காலங்களிலும் பள்ளி விடுமுறைகளிலும் மணிக்கணக்கில் காத்திருக்க நேர்வதுண்டு. 1998இல் துவாசில் இரண்டாம் இணைப்புத் திறக்கப்பட்ட பின்னரும் நெரிசல் தீர்ந்தபாடில்லை. தலைக்குமேல் வெயில், முன்னும் பின்னும் சூடான வாகனங்கள், காரினுள் முழு அளவில் ஓடும் குளிர்சாதனம். பழைய காரின் குளிரூட்டு அமைப்புக்கு இதைவிடக் கடுமையான தேர்வு வேறில்லை எனலாம்.

கார் விரைந்து செல்லும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடுகிறது. நின்று நின்று நகரும்போது விசிறி ஒன்றே கதி. மின்விசிறி பழுதான காரை நாள்தோறும் தோட்டச் சாலையில் ஓட்டுபவர் அப்பழுதை அறியாமலே இருக்கக்கூடும். கடற்பாலத்தில் அரைமணி நேரம் நின்றபிறகே வெப்பமானி முள் மேலேறும். நீர் கொதித்து மூடி வழியே வெளியேறும். மேலே கூறிய எடுத்துக்காட்டில் ஞாயிறன்று மட்டும் நீர் குறைந்ததற்கு விசிறியோ மூடியோ காரணம் என்று கொள்வது இதனால்தான்.

விசிறியைச் சோதித்தல் எளிது. வீட்டு வாசலில் காரை நிறுத்தி இயந்திரத்தை ஓடவிட்டுக் குளிர்சாதனத்தைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் விசிறி உடனே சுழலத் தொடங்கும். அதை அணைத்துவிட்டு மேலும் காத்திருந்தால், நீர் சூடேறியதும் விசிறி தானாகச் சுழன்று, ஆறியதும் நிற்க வேண்டும். முள் வழக்கமான இடத்தைத் தாண்டி ஏறத் தொடங்கியும் விசிறி அசையவில்லை எனில் உடனே இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள். பியூஸ், ரிலே, வெப்ப உணர்வி, மோட்டார் ஆகியவற்றை முறையே பார்க்கச் சொல்லலாம். இயந்திரம் நின்றபின்னும் மின்விசிறி திடீரெனச் சுழலக்கூடும். கையையும் ஆடையையும் விலக்கி வைத்தல் வேண்டும். இச்சோதனையை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். நிறுத்தி வைத்த வாகனத்தின் இயந்திரத்தைக் காரணமின்றி ஓடவிடுவது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றமாகும்.

உள்ளே புகும் நீர்

தரையில் ஈரமில்லை, குழாய்களில் கறையில்லை, மூடியும் விசிறியும் நன்றாக உள்ளன, ஆயினும் நீர் குறைகிறது. அப்போதுதான் ஹெட் கேஸ்கட்டை ஐயுற வேண்டும். சிலிண்டர் ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள பகுதிக்கும் இடையே அமைந்த மெல்லிய அடைப்புத் தகடு அது. எரிவாயு, எண்ணெய், நீர் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலவாதபடி காப்பது அதன் கடமை. இயந்திரம் ஒருமுறை கடுமையாகச் சூடேறினால் ஹெட் வளைந்து கேஸ்கட் கெடும். நீர்க்குறைவு சூட்டை உண்டாக்க, சூடு கேஸ்கட்டைக் கெடுக்க, கெட்ட கேஸ்கட் மேலும் நீரைக் குறைக்கும்.

அதன் அறிகுறிகள் சில. இயந்திரம் நன்கு சூடான பின்னும் புகைபோக்கியிலிருந்து இனிப்பு மணத்துடன் வெண்புகை வந்துகொண்டேயிருக்கும். காலையில் சிறிது நேரம் மட்டும் வந்து மறையும் நீராவி இயல்பானதே, அஞ்ச வேண்டாம். எண்ணெய் பார்க்கும் கம்பியிலோ எண்ணெய் மூடியின் அடியிலோ பால் கலந்த தேநீர் போன்ற நிறம் தோன்றும். குறுந்தூரமே ஓடும் கார்களில் மூடியடியில் மட்டும் சிறிது நுரை படிவதுண்டாதலின், கம்பியைப் பார்த்தே முடிவு செய்க. காலையில் இயந்திரத்தை ஓடவிட்ட ஓரிரு நிமிடத்திலேயே, நீர் சூடாகுமுன், மேற்குழாய் கல்போல் இறுகுமானால் எரிவாயு நீருக்குள் புகுகிறது என்பது பொருள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் ஒன்று மட்டும் கழுவி வைத்தாற்போல் வெளுத்திருப்பதும் உண்டு. இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் காரை ஓட்டுவதை நிறுத்திவிட்டுப் பட்டறையை நாடுதலே அறிவுடைமை. எண்ணெயில் நீர் கலந்தால் தாங்கிகள் தேய்ந்து, கேஸ்கட் செலவு இயந்திரச் செலவாக வளர்ந்துவிடும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

சிங்கப்பூரில் சின் மிங், உபி, காக்கி புக்கிட் ஆகிய இடங்களில் கார்ப் பட்டறைகள் திரண்டிருக்கின்றன. நம் பட்டணங்களிலும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. எங்கே சென்றாலும், பாகத்தை மாற்றுமுன் சோதனை செய்யும்படி கேட்பது உங்கள் உரிமை.

முதலாவது, அழுத்தச் சோதனை. ரேடியேட்டர் வாயில் கைப்பம்பு ஒன்றைப் பொருத்தி, மூடியில் குறித்த அளவுக்கு அழுத்தம் ஏற்றிக் கால்மணி நேரம் காத்திருப்பார்கள். முள் இறங்காவிடில் வெளிக்கசிவு இருக்க வாய்ப்புக் குறைவு. இறங்கினால் நீர் எங்கே துளிர்க்கிறது என்பதைக் கண்ணாலேயே காணலாம். மூடியையும் அதே கருவியால் சோதிக்கலாம். இரண்டாவது, வாயுச் சோதனை. ரேடியேட்டரிலிருந்து எழும் காற்றை நீல நிற மருந்தினூடே செலுத்துவார்கள். எரிவாயு கலந்திருந்தால் அந்நீலம் மஞ்சளாக மாறும். அது கேஸ்கட் கெட்டதற்கோ ஹெட்டில் வெடிப்பு உண்டானதற்கோ அடையாளமாகும்.

இவ்விரு சோதனைகளையும் செய்யாமல் பம்பு, தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது, உங்கள் பணத்தைக் கொண்டு ஊகம் செய்வதாகும். மேலும், தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிட்டால் கார் குளிர்ந்து ஓடும் என்று சிலர் கூறுவர். அதனால் இயந்திரம் உரிய சூட்டை அடையாமல் பெட்ரோல் செலவும் தேய்மானமும் மிகும், கசிவோ நிற்காது. கசிவடைக்கும் தூள்களும் திரவங்களும் ஆபத்திற்கு உதவக்கூடும். ஆனால் அவை ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் அடைத்துவிடலாம் என்பதை மறத்தலாகாது.

கொதித்த கார் முன்னே

வெப்பமானி முள் சிவப்பை நெருங்கினால் முதலில் குளிர்சாதனத்தை அணையுங்கள். சூடேற்றி இருந்தால் அதை முழு அளவில் திறந்துவிடுங்கள். இயந்திரத்தின் வெப்பத்தில் ஒரு பகுதி அவ்வழியே வெளியேறும். பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி இயந்திரத்தை அணையுங்கள். ‘இன்னும் இரண்டு மைல்தானே’ என்று ஓட்டுவதுதான் இயந்திரத்தைக் கொல்லும் செயல்.

சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறவாதீர்கள். அழுத்தம் நீங்கிய கணத்தில் நூறு பாகையைக் கடந்த நீர் ஒரேயடியாகக் கொதித்து முகத்திலும் மார்பிலும் பீறிட்டு அடிக்கும். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் செய்து, குறைந்தது அரைமணி நேரமாவது காத்திருங்கள். மேற்குழாய் கைக்குச் சூடாக இராதபோது, தடித்த துணியை மூடிமேல் போட்டுச் சிறிது திருகி, எஞ்சிய அழுத்தம் வெளியேறிய பிறகே முழுவதும் திறக்கலாம். சூடான இயந்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் திடீரெனச் சுருங்கி வெடிக்கக்கூடும்.

சிங்கப்பூரில் புக்கிட் தீமா விரைவுச்சாலை, தீவு விரைவுச்சாலை போன்றவற்றில் கார் நின்றுவிட்டால் கலங்க வேண்டியதில்லை. அபாய விளக்குகளைப் போட்டுவிட்டு, அனைவரும் காரை விட்டிறங்கிச் சாலையோரத் தடுப்புக்கு அப்பால் நிற்க வேண்டும். அந்நாட்டின் நிலப் போக்குவரத்து ஆணையம் விரைவுச்சாலைகளைக் கண்காணித்து, பழுதுற்ற வாகனங்களை அருகிலுள்ள குறிப்பிட்ட நிறுத்துமிடம் வரை கட்டணமின்றி இழுத்துச் செல்லும் சேவையை நடத்திவருகிறது.

எதை ஊற்ற வேண்டும்?

உறைபனி இல்லாத நம் நாட்டில் கூலண்ட் எதற்கு என்று கேட்போர் உளர். அது நீரின் கொதிநிலையை உயர்த்துகிறது. உலோகம் துருப்பிடிப்பதைத் தடுக்கிறது. கிணற்று நீரிலும் ஆற்று நீரிலும் உள்ள உப்புகள் நுண்வழிகளில் படிந்து அடைத்துவிடும். ஆகவே காரின் கையேட்டில் குறித்த வகைக் கூலண்டை, உப்பு நீக்கிய நீருடன் குறித்த அளவில் கலந்து ஊற்றுதல் வேண்டும். நிறம் ஒன்றாயிருப்பதால் வகையும் ஒன்றே என்று கருதி வெவ்வேறு கூலண்டுகளைக் கலத்தலும் கூடாது. வழியில் வேறொன்றும் கிடைக்காதபோது வெறும் நீரை ஊற்றலாம். வீடு சேர்ந்தபின் மாற்றிவிட வேண்டும்.

பெரும்பாலான கூலண்டுகளில் எத்திலீன் கிளைக்கால் என்னும் பொருள் உண்டு. அதன் சுவை இனிப்பு. ஆனால் சிறிதளவு உட்கொண்டாலும் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரைப் போக்கவல்லது. அதைக் குடிநீர்ப் போத்தல்களில் ஊற்றி வைத்தலோ, பிள்ளைகளும் நாய்களும் நடமாடும் இடத்தில் தேங்கவிடுதலோ ஆகாது. கால்வாயில் கொட்டுவதும் தவறு. பழைய கூலண்டைப் பட்டறையில் ஒப்படைத்துவிடுக.

நினைவிற் கொள்க

குறையும் நீரை நிரப்புவது முதலுதவி மட்டுமே, மருத்துவம் ஆகாது. காலைக் கணக்கு எழுதுங்கள். கீழே தாள் விரித்துப் பாருங்கள். குழாய், கிளிப், மூடி, விசிறி ஆகிய எளியவற்றை முதலிலும், பம்பு, ரேடியேட்டர் ஆகியவற்றை அடுத்தும், ஹெட் கேஸ்கட்டை இறுதியிலும் ஐயுறுங்கள். சோதனைக்குப் பின்னரே பாகத்தை மாற்றுங்கள்.

ஒரு மூடியோ ஒரு கிளிப்போ சில வெள்ளியுடன் முடிந்துவிடும் செலவு. அதைக் காணத் தவறி வளைந்த ஹெட்டையும் எரிந்த இயந்திரத்தையும் மாற்ற நேர்ந்தால், பல மாதங்கள் வெட்டிய பாலின் கூலி ஒரே நாளில் கரைந்துவிடும். நாளை விடியலில் நிரைக்குப் புறப்படுமுன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, உங்கள் காரின் நீர்மட்டத்தைப் பார்த்து முதல் வரியை எழுதிவிடுங்கள்.